தாத்தா பினாங்கில் பிறந்தவர் என்றால் பிரிட்டிஷ் குடியுரிமை கிடைக்குமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

லெஸ்டரிலிருந்து:

தாத்தாவை விட்டுவிடுங்கள் தம்பி. அப்பா எந்த ஊரில், எந்த ஆண்டு பிறந்தார்? நீங்கள் எந்த ஆண்டு? இதைத்தான் முதலில் பார்ப்பார்கள்.

எங்கள் குடும்பத்தையே சொல்கிறேன். அப்பா 1951இல் நிபோங் தெபால் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்தார். அந்த ஊர் பினாங்கைச் சேர்ந்தது. பினாங்கும் மலாக்காவும் அன்று பிரிட்டனின் நேரடிக் காலனிகள். ஆகவே 1948ஆம் ஆண்டு பிரிட்டிஷ் குடியுரிமைச் சட்டப்படி, பிறந்த அன்றே அவர் ஐக்கிய இராச்சியம் மற்றும் காலனிகளின் குடிமகன். பக்கத்து ஊரான பாரிட் புந்தாரில் பிறந்திருந்தால் அது கிடையாது. பாரிட் புந்தார் பேராக்கில் இருக்கிறது. பேராக் சுல்தானின் மாநிலம். பிரிட்டனின் பாதுகாப்பில் இருந்ததே தவிர காலனி அல்ல. இந்தப் பக்கமும் பால்மரம், அந்தப் பக்கமும் பால்மரம், ஒரே கூலி. சட்டத்துக்கு மட்டும் இரண்டும் வெவ்வேறு உலகம்.

1957 ஆகஸ்ட் 31இல் மலாயா விடுதலை அடைந்தபோது பினாங்கு, மலாக்காக்காரர்களிடமிருந்து அந்தப் பழைய குடியுரிமை பறிக்கப்படவில்லை. எங்கள் வீட்டில் யாருக்கும் அது தெரியாது. தெரிந்திருந்தாலும் தோட்டத்தில் அதை வைத்துக்கொண்டு என்ன செய்திருப்பார்கள்?

நான் பிறந்தது 1976இல்; அப்பா வழியாக எனக்கும் வந்தது. என் தம்பி 1984, அவனுக்கு ஒன்றுமில்லை. ஒரே தாய் தகப்பன், ஒரே வீடு. இடையில் 1983 ஜனவரி 1 அன்று புதிய குடியுரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்துவிட்டது. எங்களைப் போன்றவர்களை அது பிரிட்டிஷ் கடல்கடந்த குடிமக்கள் என்ற தனிப் பிரிவில் தள்ளியது. சுருக்கமாக பிஓசி. பிள்ளைகளுக்கு அதை விட்டுச்செல்ல முடியாது. தகப்பன் வழி என்பதால் பெற்றோர் திருமணத்துக்கும் சான்று கேட்பார்கள். 1982க்கு முன் கோயிலில் தாலி கட்டியவர்கள் பலரிடம் பதிவுத் தாள் இருக்காது. திருமணம் செல்லும், ஆனால் அதைக் காட்டுவதற்குச் சத்தியப் பிரமாணம், கோயில் ரசீது என்று அலைய வேண்டும்.

இத்தனைக்குப் பிறகு கையில் வருவது என்ன? சித்தப்பாவின் பிஓசி கடப்பிதழைப் புரட்டிப் பார்த்திருக்கிறேன். அட்டையில் சிங்கமும் ஒற்றைக்கொம்புக் குதிரையும் உண்டு. உள்ளே ஒரு வரி: இதை வைத்திருப்பவர் 1971ஆம் ஆண்டுக் குடிநுழைவுச் சட்டத்தின் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டவர். பிரிட்டிஷ் கடப்பிதழ்தான், ஆனால் பிரிட்டனில் குடியிருக்கும் உரிமை இல்லை! மலேசிய அரசியலமைப்பு இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை என்பதையும் மறந்துவிடாதீர்கள். நான் அந்தப் பக்கமே போகவில்லை. வேலை விசாவில் வந்து, எல்லாரையும் போல வரிசையில் நின்றேன்.

*

ஈஸ்ட் ஹாமிலிருந்து:

அண்ணன் சொல்லாமல் விட்டதை நான் சொல்கிறேன். எங்களோடு ஒரே வீட்டில் அறை எடுத்திருந்த மலாக்காக்காரர் ஒருவரிடம் முகவர் ஒருவர் காசு வாங்கிக்கொண்டு, "மலேசியக் குடியுரிமையை விட்டுவிடுங்கள், வேறு நாடு இல்லாத பிஓசிக்கு முழுக் குடியுரிமை கொடுத்தே ஆக வேண்டும்" என்றார். அப்படி ஒரு பிரிவு உண்மையிலேயே இருக்கிறது. 2003 ஏப்ரல் 30இல் நடைமுறைக்கு வந்தது. ஆனால் 2002 ஜூலை 4க்குப் பிறகு தாமாகவே இன்னொரு குடியுரிமையைக் கைவிட்டவர்களுக்கு அது பொருந்தாது. முகவர் அதை மட்டும் விழுங்கிவிட்டார்.

மலாக்காக்காரர் 2005இல் மலேசியத் தூதரகத்தில் குடியுரிமையைக் கைவிடும் பாரத்தை நிரப்பிக் கொடுத்தார். மைகார்டு என்ற மலேசிய அடையாள அட்டையும் போயிற்று, மலேசியக் கடப்பிதழும் போயிற்று. பிரிட்டிஷ் உள்துறை அமைச்சு முழுக் குடியுரிமையை மறுத்துவிட்டது. அம்மா இறந்தபோது ஊருக்குப் போக முடியவில்லை. போனால் திரும்பி வர விசா இல்லை. அங்கே இறங்கினாலும் அவர் வெளிநாட்டுக்காரர். இப்படி மாட்டிக்கொண்ட மலேசியர்கள் நூற்றுக்கணக்கில் உண்டு. எந்த வழக்குரைஞர் எவ்வளவு இனிக்கப் பேசினாலும், கையிலிருக்கும் குடியுரிமையை எழுதிக் கொடுத்துவிட்டு அடுத்ததுக்குக் காத்திருக்காதீர்கள்.

*

பெர்த்திலிருந்து:

எங்களுக்கு நல்லபடியாக முடிந்தது, அதையும் எழுதிவிடுகிறேன். நான் ஈப்போ. என் கணவர் ஆஸ்திரேலியர், 1967இல் இங்கேயே பிறந்தவர். மாமியார் கிளாஸ்கோவில் பிறந்தவர். 1983க்கு முன் தகப்பன் மட்டுமே பிரிட்டிஷ் குடியுரிமையைப் பிள்ளைக்குக் கொடுக்க முடியும். தாயின் பக்கம் கணக்கிலேயே இல்லை. அந்த அநியாயத்தைச் சரிசெய்ய, 2003இல் 1961 பிப்ரவரி 7க்குப் பின் பிறந்தவர்களுக்கும், 2010இல் அதற்கு முன் பிறந்தவர்களுக்கும் வழி திறந்தார்கள். படிவத்தின் பெயர் யுகேஎம்.

ஸ்காட்லாந்தில் 1855 முதல் பிறப்புப் பதிவேடுகள் உள்ளன. மாமியாரின் பதிவு இணையத்தில் உடனே அகப்பட்டது. அவருடைய திருமணச் சான்றும் கணவரின் பிறப்புப் பத்திரமும் சேர்த்து அனுப்பினோம். விவரத்தைச் சுருக்கிப் போட்ட சின்னச் சான்றிதழை அனுப்பாதீர்கள், பெற்றோர் பெயர் உள்ள முழுப் பிரதிதான் செல்லும். விண்ணப்பத்துக்குக் கட்டணம் இல்லை, உறுதிமொழி விழாவுக்கு மட்டும் கட்டினோம். மாமியார் கடைசி வரிசையில் உட்கார்ந்து, "இதற்கு இவ்வளவு காலமா?" என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்.

பிள்ளைகளுக்கும் கிடைக்கும் என்று எண்ணியிருந்தோம், இல்லை. இந்த வழியில் வந்தவர் வம்சாவளிக் குடிமகன். வெளிநாட்டில் பிறந்த பிள்ளைக்கு அவர் மூலம் தானாகப் போகாது. ஆனால் தாத்தா பாட்டியில் ஒருவர் பிரிட்டனிலேயே பிறந்திருந்தால், காமன்வெல்த் நாட்டவருக்கு முன்னோர் வழி விசா உண்டு. பதினேழு வயது நிரம்ப வேண்டும், அங்கே வேலை செய்யும் எண்ணம் வேண்டும். ஐந்து ஆண்டு கழித்து நிரந்தர வசிப்புரிமைக்கு விண்ணப்பிக்கலாம். பெரியவள் அடுத்த ஆண்டு அந்த வழியில் போகிறாள். தம்பி, உங்கள் தாத்தா பினாங்கு என்பதால் இது உங்களுக்கு உதவாது.