பழைய ஹைலக்ஸ், மீன் ஓட்டம்: சேவிஸ் எத்தனை கிலோமீற்றருக்கு ஒருக்கா?

கொட்பே தம்பி:
வணக்கம். போன மாசம் ஒரு ஹைலக்ஸ் விகோ சிங்கிள் கப் எடுத்தனான். 2கேடி டீசல் எஞ்சின். மீற்றர் 1,85,000 காட்டுது. முந்தினவரிட்ட சேவிஸ் பதிவு ஒன்றும் இல்லை. திருகோணமலைக் கொட்பேயில மீன் ஏத்தித் தம்புள்ளைக்கு ஓடுறன், வரேக்க மரக்கறி. இடைக்கிடை குச்சவெளிக் கரைக்கும் போறது. புத்தகத்தில ஒயில் மாத்த 10,000 கிலோமீற்றர் எண்டு இருக்கு, கராஜில 5,000 எண்டு சொல்லுகினம். எதைப் பிடிக்கிறது? முதல்ல எதுக்குக் காசு செலவழிக்கிறது?

உவர்மலைச் சாரதி:
தம்பி, புத்தகத்தை இன்னும் ரெண்டு பக்கம் தள்ளிப் பாருங்கோ. பாரம் ஏத்துறது, தூசிப் பாதை, உப்புக்காத்து, கிட்டத்து ஓட்டம் இதுகளுக்கு வேற அட்டவணை போட்டிருப்பான். உங்கட வண்டிக்கு அதுதான் அட்டவணை. ஒயிலும் ஒயில் பில்டரும் 5,000க்கு மாத்துங்கோ. ஓடாமல் நிண்டாலும் 6 மாசத்துக்கு ஒருக்கா மாத்தத்தான் வேணும். சாதாரண ஓட்டோ டீசலில சல்பர் கூட. அது எரிஞ்சு வாற அமிலம் ஒயிலைத்தான் கெடுக்கும்.

முதல் காசு ரைமிங் பெல்ட்டுக்கு. வால்வையும் பிஸ்டனையும் ஒண்டோட ஒண்டு முட்டாமல் ஒரே தாளத்தில ஓட வைக்கிறது அதுதான். 2கேடியில அதுக்குச் செயின் இல்லை, பெல்ட். 1,50,000இல டாஷ்போட்டில டி-பெல்ட் எண்டு ஒரு விளக்கு எரியும். இப்ப எரியேல்லை எண்டு நம்பியிருக்காதேங்கோ. பெல்ட்டை மாத்தாமலே அந்த விளக்கை அணைக்கலாம். பதிவில்லாத வண்டி எண்டால் மாத்தப்படேல்லை எண்டுதான் எடுக்க வேணும். ஹபரணைக் காட்டுக்குள்ள பெல்ட் அறுந்தால் வால்வு பிஸ்டனில அடிக்கும், பிறகு ஹெட்டைக் கழட்டாமல் வேலை இல்லை. பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கிற டென்ஷனரையும் அது உருள்ற ஐட்லர் பெயாரிங்கையும் சேர்த்து மாத்தச் சொல்லுங்கோ. பழைய பெயாரிங்கில புதுப் பெல்ட் போடுறதில பிரயோசனம் இல்லை.

இனி அட்டவணையில இல்லாத ஒன்று. எனக்கு இதுதான் பெரிய கவலை. ரெஜிபோம் பெட்டியில இருந்து வடியிற ஐஸ் தண்ணி நல்ல தண்ணி இல்லை, உப்பும் மீன் ரத்தமும் கலந்தது. பின் தட்டில விழுந்து, மூலையில இறங்கி, வண்டியைத் தாங்குற இரும்புச் சட்டமான செஸியில பின்பக்கத்திலயும் பிரேக் பைப்பிலயும் நிக்கும். ஹைலக்ஸ் செஸி பெட்டி மாதிரி மூடினது, உள்ளுக்க போன உப்பு உள்ளுக்கயே கிடக்கும். வெளியில பெயின்ற் மினுங்கும், சுத்தியலால தட்டினால் தகரம் உதிரும். அப்பிடிப் போன செஸி இந்த ஊரில நிறையப் பாத்திட்டன். எஞ்சினை இன்னொண்டு வாங்கிப் போடலாம். செஸி போனால் வண்டியே போச்சு.

அதாலே மீன் இறக்கின அண்டைக்கே நல்ல தண்ணியால தட்டையும் கீழ்ப்பக்கத்தையும் கழுவுங்கோ. செஸியில உள்ள ஓட்டைகளுக்குள்ளயும் குழாயை விட்டு அடியுங்கோ. கிணத்துத் தண்ணி உவரெண்டால் அதைப் பாவிக்காதேங்கோ, றேடியேட்டருக்கும் ஊத்தாதேங்கோ. ஐப்பசியில மழை தொடங்க முந்திச் செஸியை நல்லாக் காய விட்டு, கறலைச் சுரண்டி, துருக்காப்புப் பூசுங்கோ. கறலுக்கு மேல பூசினால் அது கறலை மூடி வைக்கிறது மட்டுந்தான்.

கிண்ணியா நானா:
அண்ணன் சொன்னது அவ்வளவும் சரி. நான் டீசலப் பத்தி மட்டும் சொல்றேன் தம்பி. இது கூடின அமுக்கத்துல டீசல் போற காமன் ரெயில் எஞ்சின், இதுக்குத் தண்ணி ஆகாது, டீசலப் பீச்சிற இன்ஜெக்டர் போனா விலையத் தாங்க ஏலாது. டீசல் பில்டருக்குக் கீழ ஒரு தண்ணித் திருகு இருக்கும். டாஷ்போட்ல தண்ணி விளக்கு எரியிற வரைக்கும் பாத்திட்டு இருக்காம, ஒவ்வொரு ஒயில் மாத்துக்கும் அதத் திறந்து வடிங்க. கீழ ஒரு போத்தல வெச்சிப் பாத்தா தண்ணி அடியில நிக்கிறது தெரியும். பில்டர 20,000க்கு மாத்துங்க. ராவைக்கு டேங்க் நிரம்பி இருந்தா உள்ளுக்குள்ள ஈரம் பிடிக்கிறதும் குறையும்.

கிறீஸ மறந்திராதீங்க. பின் சில்லச் சுத்த வெக்கிற ப்ரொப் சாப்ட்டுட மூட்டுல, ஸ்பைடர் நிப்பிள்ல பழைய கிறீஸ் வெளிய வாற வரைக்கும் அடிக்கணும். தண்ணி அடிச்சுக் கழுவின பிறகு அடிக்கிறது இன்னும் நல்லம். வெள்ளத்துக்குள்ள விட்டு எடுத்தா, கி.மீ. பாக்காம பின் அச்சு நடுவுல இருக்கிற டிஃபரன்ஷியல், அந்த டிஃப் ஒயிலப் பாருங்க. பால் நெறமா இருந்தா தண்ணி போயிட்டு.

கொட்பே தம்பி:
ரெண்டு பேருக்கும் பெரிய நன்றி. பெல்ட் வேலைக்கு இந்தக் கிழமையே கராஜில விடுறன். பிரேக் ஒயில் கறுப்பாக் கிடக்கு. அதுக்கும் கிலோமீற்றர் கணக்கு இருக்கா?

உவர்மலைச் சாரதி:
அதுக்குக் காலக் கணக்குத்தான், ரெண்டு வருஷம். பிரேக் ஒயில் காத்தில இருக்கிற ஈரத்தைக் குடிக்கும், எங்கட கடல்காத்தில கேக்கவே வேண்டாம். பாரத்தோட பிரேக்கைத் தொடர்ந்து பிடிச்சுச் சூடேறினால் உள்ள ஈரம் ஆவியாகி, மிதி கீழ போகும், வண்டி நிக்காது. கறுத்திருந்தால் பெல்ட்டுக்குக் கராஜில நிக்கேக்கயே நாலு சில்லிலயும் வடிச்சு மாத்துங்கோ. பின் டிரம்மையும் கழட்டி, வீல் சிலிண்டர் கசியுதோ எண்டு பாக்கச் சொல்லுங்கோ, மீன் தண்ணி அந்தப் பக்கந்தான் இறங்கும். முடிஞ்ச உடனே திகதியையும் மீற்றரையும் ஒரு கொப்பியில எழுதி டாஷ்போட் பெட்டிக்குள்ள வையுங்கோ.