அழற்சி எதிர்ப்பியா, அழற்சியாற்றியா?

வணக்கம்.

அழற்சியை (உடம்பில் ஓரிடம் சிவந்து, வீங்கி, சூடாகி வலிப்பதை) குறைக்கும் 'ஆன்டி-இன்ஃப்ளமேட்டரி' மருந்துக்குத் தமிழில் என்ன சொல் என்று நம் குழுவில் மூன்று நாளாக வந்த மடல்களை எல்லாம் வேலை முடிந்து பட்டர்வொர்த் திரும்பும் ஃபெரியில் உட்கார்ந்து படித்தேன். கோலாலம்பூர் ஐயா 'அழற்சி எதிர்ப்பி' போதும், புழக்கத்தில் இருக்கும் சொல்லை ஏன் கலைக்க வேண்டும் என்கிறார். கிள்ளான் ஆசிரியை அக்காவுக்கு 'அழற்சி தணிப்பி' பிடித்திருக்கிறது. 'வீக்க நீக்கி' என்றும் ஒருவர் எழுதியிருந்தார். நான் 'அழற்சியாற்றி' என்று ஒரே வரி போட்டுவிட்டுப் போய்விட்டேன். விளக்கம் கேட்டீர்கள். கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். இந்தச் சொல்லால் எங்கள் குடும்பத்தில் ஒருவர் ஒன்றரை மாதம் சிரமப்பட்டார்.

ஜார்ஜ் டவுனில் ஒரு ஃபார்மசியில் 14 வருடமாக இருக்கிறேன். மருந்து எடுக்க வரும் நம் ஆட்களுக்கு உறையில் மலாயில் இருப்பதைத் தமிழில் சொல்லிக் கொடுப்பதே என் வேலையில் பாதி. 'செலெபாஸ் மாக்கான்' என்றால் சாப்பிட்ட பிறகு, அதை யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் 'இது என்ன மருந்தும்மா?' என்று கேட்டால்தான் வாய் தடுமாறும். மலாயில் இரண்டு பெயர் தனித்தனியாக இருக்கின்றன. 'தாஹான் சாகிட்' என்றால் வலி மருந்து, 'அன்டி ராடாங்' என்றால் நாம் இப்போது பேசிக்கொண்டிருக்கும் வகை. தமிழில் இரண்டையும் 'வலி மாத்திரை' என்று ஒரே பெட்டியில் போட்டுவிடுகிறோம்.

என் அத்தைக்கு முடக்குவாதம், மூட்டுகள் வீங்கி விறைத்துப்போகும் நோய். 61 வயது. காலையில் எழுந்தால் விரல் மடங்காது. பசியாறத் தோசை சுடலாம் என்று கரண்டியைப் பிடிப்பதற்கே ஒரு மணி நேரம் ஆகும். டாக்டர் சல்ஃபாசலசின் எழுதினார். முதல் வாரம் நாளுக்கு ஒரு 500 மில்லிகிராம் மாத்திரை, அப்புறம் வாரத்துக்கு ஒன்றாகக் கூட்டி நாளுக்கு நான்கு. அத்தை என்னிடம் கேட்டார், இது என்ன மருந்து என்று. நம் குழுவின் கலைச்சொல் பட்டியலில் இருந்த சொல்லையே சொன்னேன்: 'அழற்சி எதிர்ப்பு மாத்திரை அத்தை.' 'ஓ, கிருமி மருந்தா' என்று தலையாட்டினார். அவசரத்தில் இருந்தேன், திருத்தவில்லை.

ஆறாவது வாரம் போனபோது அத்தையின் மணிக்கட்டு இரண்டும் வீங்கிக் கிடந்தன. மாத்திரையை நிறுத்தி இரண்டு வாரம் ஆகிவிட்டிருந்தது. 'அந்த எதிர்ப்பு மருந்த முடிச்சிட்டேம்மா. கிருமி மருந்த பாதியில விடக்கூடாதுன்னு நீதானே சொல்லுவே, குடுத்தத முழுசா சாப்ட்டேன். ஒன்னும் கேக்கல. ஒன்னுக்கு வேற ஆரஞ்சு கலரா போச்சு, காமாலையோன்னு பயந்துட்டேன்.' நிறுத்தியதும் நிறம் சரியாகிவிட்டதால், நிறுத்தியது நல்லதுதான் என்று நினைத்திருக்கிறார். இந்த மருந்து மூட்டில் வேலை காட்ட 6 முதல் 12 வாரம் பிடிக்கும். சிறுநீர் ஆரஞ்சாகப் போவது மருந்தின் நிறம், கெடுதல் இல்லை. இரண்டையும் நான் சொல்லியிருக்க வேண்டும். சொன்ன ஒரே சொல்லும் அவரை வேறு பக்கம் அனுப்பிவிட்டது.

அத்தை யோசித்த விதத்தில் தவறே இல்லை. ஆன்டிபயாட்டிக்கை நாம் 'நுண்ணுயிர் எதிர்ப்பி' என்று எழுதி, பேசி, பள்ளிப் பாடத்திலும் வைத்துவிட்டோம். மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு 'எதிர்ப்பு' என்றால் ஒரு தமிழ் நோயாளிக்கு முதலில் கிருமி நினைவுக்கு வரும், அடுத்தது 'நோய் எதிர்ப்புச் சக்தி'. இந்த இரண்டாவது இன்னும் மோசம். முடக்குவாதத்தில் உடம்பின் எதிர்ப்புச் சக்திதான் தன் மூட்டையே தாக்குகிறது. கோலாலம்பூர் ஐயாவுக்கு இதுதான் என் பதில். அகராதியில் 'அழற்சி எதிர்ப்பி' பிழையில்லை, மருந்து கொடுக்கும் மேசையில் பிழையாகிவிடுகிறது.

அத்தை வீட்டில் இன்னொன்றும் நடந்தது. அவர் பேரனுக்கு 23 வயது, பெருங்குடலில் புண்ணோடு வரும் அழற்சி நோய். அவனுக்கும் அதே மஞ்சள் மாத்திரை. ஒரு நாள் சாப்பாட்டு மேசையில் இரண்டு உறையும் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. அத்தை ஒவ்வோர் உறையிலிருந்தும் ஒரு மாத்திரையை எடுத்து உள்ளங்கையில் வைத்து உருட்டிப் பார்த்தார். 'அவனுக்கு வயித்துல, எனக்குக் கையில. ஒரே மாத்திரைக்கு எங்க போறதுன்னு எப்படிம்மா வழி தெரியும்?'

இத்தனை வருடத்தில் என்னிடம் யாரும் கேட்ட கேள்விகளில் இதுதான் சிறந்தது. பதிலும் அழகானது, கேளுங்கள். சல்ஃபாசலசின் என்பது இரண்டு மருந்தை ஒரு கண்ணியால் கோத்த மருந்து: ஒரு பக்கம் சல்ஃபாபிரிடின், மறுபக்கம் 5-அமினோசலிசிலிக் அமிலம். ஸ்வீடன் மருத்துவர் நன்னா ஸ்வார்ட்ஸ் 1930களின் கடைசியில் இதை உருவாக்கத் தொடங்கினார். அந்த நாட்டு அரசுப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரான முதல் பெண் அவர். மூட்டுவாதத்துக்குக் கிருமிதான் காரணம் என்று அன்று நம்பினார்கள். ஆகவே கிருமியைக் கொல்லும் சல்ஃபாவையும் வலி, வீக்கத்தைக் குறைக்கும் சலிசிலேட்டையும் சேர்த்தால் மூட்டுக்குள் போய் வேலை செய்யும் என்று கணக்குப் போட்டார். 1942இல் எழுதி வெளியிட்டார். மூட்டுக்காகச் செய்த மருந்து பெருங்குடல் நோய்க்கும் நன்றாகக் கேட்டது.

மாத்திரையில் பெரும்பகுதி சிறுகுடலில் உறிஞ்சப்படாமல் பெருங்குடல் வரை முழுதாகப் போய்ச் சேர்கிறது. அங்கே குடியிருக்கும் பாக்டீரியாக்கள் அந்தக் கண்ணியை வெட்டுகின்றன. அமினோசலிசிலிக் அமிலம் பெரும்பாலும் அங்கேயே தங்கிக் குடல் சுவரில் வேலை செய்கிறது. சல்ஃபாபிரிடின் ரத்தத்தில் ஏறி உடம்பு முழுதும் போகிறது. இரண்டு பகுதியையும் தனித்தனியாகக் கொடுத்துச் சோதித்தார்கள். வங்காளதேசத்து மருத்துவர் ஆசாத் கான் ஆக்ஸ்ஃபர்டில் செய்து 1977இல் வெளியிட்ட ஆய்வு, பெருங்குடலுக்கு உதவுவது அமினோசலிசிலிக் பகுதி என்று காட்டியது. 1985இல் கிளாஸ்கோ மருத்துவர்கள் முடக்குவாத நோயாளிகளிடம் பார்த்தபோது பலன் தந்தது சல்ஃபாபிரிடின் பக்கம். ஆக அத்தையும் பேரனும் ஒரே மாத்திரையின் ஆளுக்கொரு பாதியால் நலமடைகிறார்கள். அவரிடம் இதைச் சொன்னேன். 'அப்ப வெட்டிவிடுறது நம்ம வயித்துக் கிருமிதானா, அதுலயும் நல்லது இருக்கா' என்றார்.

இப்போது சொல்லுக்கு வருகிறேன். ரோமானிய எழுத்தாளர் செல்சஸ் அழற்சிக்கு நான்கு அடையாளம் சொன்னார்: சிவப்பு, வீக்கம், சூடு, வலி. 'வலி நிவாரணி' இதில் ஒன்றைத்தான் தொடுகிறது, 'வீக்க நீக்கி'யும் அப்படித்தான். வீக்கத்தில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. இருதயக் கோளாறில் கால் வீங்கினால் கொடுக்கும் தண்ணி மாத்திரையையும் நம் மக்கள் 'வீக்கத்துக்கு' என்றே சொல்கிறார்கள். நான்கையும் ஒன்றாகப் பிடிக்கிற சொல் 'அழற்சி'. வேர் 'அழல்', நெருப்பு. மலாயின் 'ராடாங்'கும் இதற்குச் சொந்தக்காரன் மாதிரிதான், ஒருவர் கொதித்துப் போனால் 'நாயிக் ராடாங்' என்பார்கள். ஆகவே முன்பாதியைப் பற்றி நமக்குள் சண்டை இல்லை. பின்பாதிதான் கேள்வி.

'நீக்கி' என்றால் நோயே போய்விடும் என்று ஆகிறது. இந்த இரண்டு நோயும் அப்படிப் போகிறவை இல்லை. 'அடக்கி'யை விட்டு வைப்போம், அசத்தியோபிரின் மாதிரி உடம்பின் எதிர்ப்பையே ஒடுக்கும் மருந்துகளுக்கு அது வேண்டும். அக்கா சொன்ன 'தணிப்பி' எனக்கும் பிடித்த சொல்தான். ஆனால் கடைசிக் காலத்து நோயாளிகளுக்கான பராமரிப்பை 'தணிப்புச் சிகிச்சை' என்று எழுதத் தொடங்கிவிட்டோம். 23 வயதுப் பையன் தன் மருந்துத் தாளில் அதே சொல்லைப் பார்த்தால் மனது என்ன பாடுபடும்?

'ஆற்று' என்ற வினையைப் பாருங்கள். புண் ஆறுகிறது, சூடு ஆறுகிறது, கோபம் ஆறுகிறது, மனம் ஆறுகிறது. நாம் இந்த நாட்டில் காலையில் ஒருவரை ஒருவர் கேட்கிற முதல் கேள்வியே 'பசியாறிட்டீங்களா?' என்பதுதான். மாமாக் கடையில் (இந்திய முஸ்லிம் சாப்பாட்டுக் கடை) தே தாரேக் என்ற பால் தேநீர் போடுகிறவர் ஒரு குவளையைத் தலைக்கு மேல் தூக்கி மறு குவளையில் ஊற்றுகிறாரே, அதற்கும் ஆற்றுவது என்றே பெயர். ஒரே ஊற்றில் ஆறாது, திரும்பத் திரும்ப ஊற்ற வேண்டும். இந்த மருந்தும் அப்படித்தான். அழற்சி என்ற நெருப்புச் சொல்லுக்குப் பக்கத்தில் ஆற்றி என்ற குளிர்ந்த சொல் உட்கார்ந்தால், கேட்கிறவருக்கு விளக்கமே தேவைப்படாது.

சென்னை நண்பரின் மறுப்பை நான் இலேசாக எடுத்துக்கொள்ளவில்லை. 'பணியாற்று, உரையாற்று என்றால் செய்வது. அழற்சியாற்றி என்றால் அழற்சியைச் செய்வது என்று ஆகாதா?' என்று கேட்டார். இரண்டு நாள் இதையே நினைத்துக்கொண்டிருந்தேன். எனக்குப் படுவது இது: முன்னால் வருவது ஒரு வேலையின் பெயராக இருந்தால் 'ஆற்று' செய்வதைக் குறிக்கிறது, ஒரு துன்பத்தின் பெயராக இருந்தால் தணிப்பதைக் குறிக்கிறது. பசியாற்றினார் என்றால் பசியை உண்டாக்கினார் என்று ஒருவரும் படிப்பதில்லை. அழற்சி துன்பத்தின் பக்கம்தான் நிற்கிறது. வேலையா துன்பமா என்று மயக்கம் தரும் முன்சொல் வந்தால் அப்போது 'ஆற்றி' என்ற இந்தப் பின்னொட்டை விட்டுவிடலாம்.

இன்னொரு கேள்விக்கு முழுப் பதில் என்னிடம் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் வகையும் அழற்சியாற்றிதானே? ஆமாம், இந்தச் சொல்லை ஏற்றால் பாடநூலில் அவை 'ஸ்டீராய்டு அல்லாத அழற்சியாற்றிகள்' ஆகும். ஆனால் பெருங்குடல் அழற்சி உள்ளவர்களுக்கு அந்த வகை நோயைக் கிளப்பிவிடக்கூடும். பேரன் கால்பந்து விளையாடி முட்டியில் அடிபட்டு வந்த அன்று, 'அழற்சியாற்றிதானே' என்று கடையில் டைக்ளோஃபெனாக் வாங்கிவிடக் கூடாது. அதனால் மருந்துத் தாளில் வகைப் பெயரைத் தனியாக விடாமல், மருந்தின் பெயரை முதலில் போடலாம் என்கிறேன்: 'சல்ஃபாசலசின், ஓர் அழற்சியாற்றி. இது வலி மாத்திரை இல்லை.' இபுப்ரோஃபென் வகைக்கு மக்கள் தாளில் 'வலி மாத்திரை' என்றே இருக்கட்டும்.

மேலுறை போட்ட மாத்திரைக்கு 'குடற்கரை மாத்திரை' என்று ஒருவர் எழுதியிருந்தார். கடற்கரை மாதிரி கேட்கிறது. 'குடலில் கரையும் மாத்திரை, உடைக்காமல் மெல்லாமல் விழுங்குங்கள்' என்று போட்டால் போதும், எல்லாவற்றுக்கும் கலைச்சொல் வேண்டியதில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை சொல்லை அத்தையிடமே வைத்துப் பார்த்தேன். மருந்தை மீண்டும் தொடங்கி மூன்று மாதம் ஆகிவிட்டது, இப்போது கரண்டியைப் பிடிக்கிறார். 'அழற்சியாற்றின்னா என்னா அத்தை?' என்றேன். 'எரியிறத ஆத்துறது' என்றார், யோசிக்கவே இல்லை. 'அப்ப ஆறிட்டா நிறுத்திரலாமா?' என்று வேண்டுமென்றே கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, 'அடுப்பு எரிஞ்சிக்கிட்டே இருந்தா திரும்பச் சுடும்ல' என்றார்.

அந்தப் பதிலை வைத்து, ஃபார்மசியில் கொடுக்கப் போகும் தாளுக்கு இப்படி எழுதியிருக்கிறேன், திருத்திக் கொடுங்கள்:

'சல்ஃபாசலசின் ஓர் அழற்சியாற்றி. குடலிலும் மூட்டிலும் எரியும் அழற்சியை மெல்ல ஆற்றும். மூட்டுக்குப் பலன் தெரிய 6 முதல் 12 வாரம் ஆகலாம். ஆறிவிட்டது போல் இருந்தாலும் டாக்டர் சொல்லாமல் நிறுத்தாதீர்கள். சிறுநீர் ஆரஞ்சு நிறமாகலாம், பயப்பட வேண்டாம். மென்மையான கான்டாக்ட் லென்ஸில் கறை படியலாம். சல்ஃபா மருந்தோ ஆஸ்பிரினோ ஒத்துக்கொள்ளாதவர்களும் ஜி6பிடி குறைபாடு உள்ளவர்களும் முதலிலேயே சொல்லுங்கள். குழந்தை வேண்டும் என்றிருக்கும் ஆண்கள் டாக்டரிடம் பேசுங்கள். விந்தணு குறையலாம், மருந்தை விட்டபின் மீண்டும் ஏறும். காய்ச்சல், தொண்டைப் புண், தோலில் தடிப்பு வந்தால் உடனே வாருங்கள். ரத்தப் பரிசோதனைத் தேதியைத் தவறவிடாதீர்கள்.'

ஜி6பிடி என்பது ரத்தச் சிவப்பணுக்களைக் காக்கும் ஒரு நொதி, அந்தப் பெயரைத் தமிழாக்க வேண்டாம் என்று நினைக்கிறேன். இங்கே மலேசியாவில் பிறந்த குழந்தைக்குத் தொப்புள்கொடி ரத்தத்தில் பார்ப்பதால் தாய்மார்களுக்கு அந்தப் பெயர் அப்படியே தெரியும். 'ஒத்துக்கொள்ளாதவர்கள்' என்பதை 'ஒவ்வாமை உள்ளவர்கள்' என்று மாற்றச் சொல்பவர்கள் இருப்பீர்கள். எனக்கு முதலாவதுதான் அத்தையின் வாயில் இருக்கிற சொல்.

தாள் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. வியாழன் இரவுக்குள் எழுதுங்கள். 'அழற்சியாற்றி'யை விடச் சரியான சொல் வந்தால் அதையே போடுகிறேன்.

அன்புடன்,
பட்டர்வொர்த்திலிருந்து