ஒரே அடுப்புச் சமையல்; அண்ணனுக்கு மட்டும் ட்ரைகிளிசரைடு ஏன் இவ்வளவு?

பாளையங்கோட்டை வாசகர்:
நானும் அண்ணனும் கூட்டுக்குடும்பமாக ஒரே அடுப்பில் சமைத்ததையே சாப்பிடுகிறோம். இருவருக்கும் இடுப்புச் சுற்றளவு 90 செ.மீ.க்கு மேல், சர்க்கரையும் ரத்த அழுத்தமும் எல்லையைத் தாண்டிவிட்டதால், மருத்துவர் இருவருக்கும் மெட்டபாலிக் சிண்ட்ரோம் (இவையெல்லாம் சேர்ந்து வரும் வளர்சிதை மாற்றக் கோளாறு) என்றே சொல்லிவிட்டார். ஆனால் வெறும் வயிற்றில் எடுத்த ட்ரைகிளிசரைடு என்னும் ரத்தக் கொழுப்பு எனக்கு 160, அண்ணனுக்கு 410. மதினி சொதியின் தேங்காய்ப்பாலைக் குறை சொல்கிறார். மரபணு வேறுபாடு இவ்வளவு செய்யுமா? அதற்கான பரிசோதனை தேவையா?

அம்பை ஆசிரியர்:
செய்யும், ஆனால் தனியாகச் செய்யாது. ரத்தத்தில் வரும் ட்ரைகிளிசரைடை உடைப்பது லைப்போபுரோட்டீன் லைப்பேஸ் என்னும் நொதி. 11ஆம் குரோமோசோமில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் மரபணுக்களில் அபோஏ5 அந்த நொதிக்குத் துணை நிற்கிறது, அபோசி3 அதைத் தடுக்கிறது. 2001இல் அறியப்பட்ட அபோஏ5இல் ஓரெழுத்து மாறிய வடிவம் உடையவர்களுக்கு ட்ரைகிளிசரைடு கூடுதலாக இருப்பது பல நாட்டு ஆய்வுகளில் தெரியவந்திருக்கிறது. உடன்பிறந்தவர்கள் என்பதால் இருவருக்கும் அதே வடிவம் வந்திருக்க வேண்டும் என்பதில்லை. இன்சுலின் சரியாக வேலை செய்யாதபோது ஈரல் ட்ரைகிளிசரைடைச் சுமந்து செல்லும் விஎல்டிஎல் துகள்களை அளவுக்கு மீறி அனுப்புகிறது. அப்போதுதான் மெதுவாக உடைக்கும் உடல் திணறுகிறது. கன்னடியன் கால்வாயில் தண்ணீர் பெருகி வரும்போதுதானே எந்த மடை குறுகல் என்று தெரியவரும்? இளைத்த உடம்பில் அதே மரபணு பெரிய தொல்லை தராமல் இருந்துவிடலாம்.

தென்காசி ஆய்வகப் பணியாளர்:
இந்த அளவில் சீரம் (ரத்தம் உறைந்தபின் பிரியும் நீர்ப்பகுதி) பால் கலந்ததுபோல் கலங்கிவரக்கூடும். 400ஐத் தாண்டினால், கணக்குப் போட்டு எழுதும் எல்டிஎல் (கெட்ட கொலஸ்ட்ரால்) எண்ணை நம்ப வேண்டாம். நேரடியாக அளக்கச் சொல்லுங்கள். மரபணுவுக்குப் போகுமுன் தைராய்டு, சிறுநீரகம், சாப்பிடும் மாத்திரைகள் ஆகியவற்றைப் பார்த்துவிட வேண்டும். மது உண்டா என்று அண்ணாச்சியிடம் மதினி இல்லாத நேரத்தில் கேளுங்கள். அதுவே பாதி விடையாகலாம்.

அம்பை ஆசிரியர்:
மரபணுப் பரிசோதனைக்கு இப்போது அவசரமில்லை. ஜிசிகேஆர் மரபணுவின் ஒரு வடிவம் ட்ரைகிளிசரைடை உயர்த்திக்கொண்டே வெறும் வயிற்றுச் சர்க்கரையைச் சற்றுக் குறைக்கிறது. ஆகவே ஒற்றை மரபணுவை வைத்து நல்லது கெட்டது சொல்ல முடியாது. மருத்துவர் பார்ப்பது அளவைத்தான். 500ஐத் தாண்டினால் கணையத்தைப் பற்றிய கவலையும் சேரும். தேங்காய்ப்பால் பெரும்பாலும் எல்டிஎல்லைத்தான் உயர்த்தும். ட்ரைகிளிசரைடுக்குச் சோற்றின் அளவையும் அல்வாவையும் குறைக்க வேண்டும். எடை சிறிது குறைந்தாலே எண் இறங்கும். அண்ணனின் பிள்ளைகள் வளர்ந்தவர்களானால், அவர்களுக்கும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.