கலைச்சொல் உதவி: நடக்காத வரலாற்றுக்கு என்ன பெயர்?

நண்பர்களே,
விளையாட்டு வரலாற்றுத் தொகுப்பு ஒன்றை மொழிபெயர்க்கிறேன். வெள்ளிக்கிழமை கொடுத்தாக வேண்டும். கடைசிக் கட்டுரை, யூகோஸ்லாவியா உடையாமல் இருந்திருந்தால் அதன் கால்பந்து எப்படிப் போயிருக்கும் என்பது. இந்த வகை எழுத்துக்கு என்ன சொல்? ‘மாற்று வரலாறு’ என்று போட்டேன். அது அடித்தட்டு மக்கள் பார்வையில் எழுதும் வரலாற்றுக்கு நிலைத்துவிட்டது என்று பதிப்பாசிரியர் திருப்பிவிட்டார்.

---

நிகழா வரலாறு. ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம், ‘பொய்யா விளக்கு’ போல. வேலை முடிந்தது.

---

முடியவில்லை ஐயா. வரல் + ஆறு, வந்த வழி. ஆற்றுப்படையில் உள்ள ஆறும் இதுதான். வராததற்கு ஏது வழி?
தவிர, முக்கால்வாசி நிகழ்ந்ததுதானே! 1992 யூரோ (ஐரோப்பிய நாடுகளின் கால்பந்துக் கோப்பை) தகுதிச்சுற்றில் பிரிவில் முதலிடம் யூகோஸ்லாவியா. ஐ.நா. தடையால் அதை வெளியேற்ற, இரண்டாமிடத்து டென்மார்க் போய்க் கோப்பையையே தூக்கியது. யூகோஸ்லாவியாவுக்காகத் தகுதிச்சுற்றில் 10 கோல் போட்ட பாஞ்சேவ் அங்கே ஆடவே இல்லை. இதில் எதை ‘நிகழா’ என்பீர்கள்?

---

அணியிலக்கணத்திலேயே சொல் இருக்கிறது: இல்பொருள் உவமை. ‘கொம்பு முளைத்த குதிரை போல’ என்று பள்ளியில் படித்தோமே. குதிரை உண்டு, கொம்பு உண்டு, கொம்புள்ள குதிரை இல்லை. 1987இல் சிலியில் இளையோர் உலகக் கோப்பையை வென்ற யூகோஸ்லாவிய அணியில் ஷூகரும் மியாதோவிச்சும் சேர்ந்து ஆடினார்கள். 1998 உலகக் கோப்பையில் ஒருவர் குரோஷியாவுக்கு, மற்றவர் யூகோஸ்லாவியா என்ற பெயரில் மிஞ்சிய நாட்டுக்கு. அந்த வருடம் கிளப்பில் மட்டும் இருவரும் ரியல் மாட்ரிட். ஆள் உண்டு, அணி இல்லை. ஆகவே ‘இல்பொருள் வரலாறு’.

---

அழகுதான். ஆனால் ‘இல்’ என்றால் வீடு. விளையாட்டுப் பக்கம் படிக்கிற பையன் இதை வீட்டுச் சாமான்களின் வரலாறு என்று நினைப்பான். ‘யூக வரலாறு’ போதும். யூகோஸ்லாவியாவுக்கு யூகம், எதுகையும் பொருந்துகிறது.

---

எதுகை மட்டுமல்ல, மோனையும்தான்.
ஊகம் வடசொல், யூகம் அதன் பேச்சுத் திரிபு. திருமுருகாற்றுப்படையில் யூகம் என்றால் கருங்குரங்கு. குரங்கு வரலாறா எழுதப் போகிறீர்கள்?

---

குரங்கோ குதிரையோ, வாசகருக்குப் புரிய வேண்டும். பேருந்தில் யாரும் திருமுருகாற்றுப்படை ஓதிக்கொண்டு போவதில்லை.

---

அப்புறம், அந்த ‘யூகோ’வுக்குத் தெற்கு என்றுதான் பொருள். தென்சிலாவியம் என்று எழுதினால் என்ன?

---

தயவுசெய்து நாட்டின் பெயரைத் தொடாதீர்கள்.
சரி, நான்கு பேர் யூகத்தின் பக்கம், அனுப்பிவிட்டேன். 1990 உலகக் கோப்பைக் காலிறுதியில் யூகோஸ்லாவியா அர்ஜென்டினாவிடம் 3-2 என்று தோற்ற பெனால்டி ஷூட்அவுட்டை அப்படியே விட்டிருக்கிறேன். அதற்கு யாரும் சொல் தர வேண்டாம்.

---

என் வாக்கு இன்னமும் இல்பொருளுக்குத்தான். மறுபதிப்பு வரும்போது நினைவூட்டுகிறேன்.