பீட்டர் ஸ்னோ: செய்தி மேசையிலிருந்து போர்க்களக் கதைகளுக்கு

கேள்வி:
பிபிசியின் ‘நியூஸ்நைட்’ நிகழ்ச்சியை 1980 முதல் 1997 வரை வழங்கிய பீட்டர் ஸ்னோவை, தேர்தல் இரவுகளில் ‘ஸ்விங்கோமீட்டர்’ முன் கைகளை வீசி வாக்குகள் சாயும் திசையை விளக்கியவராகவே பலரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். அவரே 66 வயதில், 2004இல், மகன் டான் ஸ்னோவுடன் ‘பேட்டில்ஃபீல்ட் பிரிட்டன்’ தொடரில் போர்க் கதைகள் சொல்ல வந்தார். பிறகு நெப்போலியனை எதிர்த்துப் போரிட்ட பிரிட்டிஷ் தளபதி வெலிங்டனைப் பற்றியும், 1814இல் அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டன் பிரிட்டிஷ் படையால் எரிக்கப்பட்டதைப் பற்றியும் நூல்கள் எழுதினார். செய்தித் தொகுப்பாளர் ஒருவர் கைக்குப் போனால் வரலாறு வெறும் காட்சி வேடிக்கையாகிவிடாதா?

மறுமொழி 1:
அவர் போர் விஷயங்களுக்குப் புதியவர் அல்லர். இளமையில் இராணுவப் பணியில் இருந்தவர். ஐடிஎன் என்ற பிரிட்டிஷ் தொலைக்காட்சிச் செய்தி நிறுவனத்தில் 1966 முதல் 1979 வரை பாதுகாப்பு, வெளியுறவுச் செய்தியாளராக இருந்தவர். 1991 வளைகுடாப் போரின்போது ஸ்டுடியோவில் மணல் மேடை ஒன்றை அமைத்து, அதன் மேல் படைகளை நகர்த்திக் காட்டினார். அதைச் சிலர் கேலி செய்தாலும், பிற்காலத் தொடர்களில் வரும் கணினி வரைபடங்களுக்கு அந்த மணல்தான் முன்னோடி.

மறுமொழி 2:
என் தயக்கமே அந்த வரைபடங்களைப் பற்றியதுதான். 1746இல் ஸ்காட்லாந்தில் நடந்த கலோடன் போருக்கு முந்தைய இரவு, எதிரி முகாமைத் திடீரெனத் தாக்கலாம் என்று, அது இருந்த நேர்ன் ஊரை நோக்கி நடந்து, விடிவதற்குள் எட்ட முடியாமல் திரும்பிய ஜாகோபைட் வீரர்கள் (ஸ்டூவர்ட் வம்சத்தை மீண்டும் அரியணை ஏற்றப் போராடியவர்கள்), பசியோடும் தூக்கமின்றியும் சேற்று நிலத்தில் போரிட வேண்டியிருந்தது. ஒரு மணி நேரத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அம்புக்குறிக்கு ஏது பசி? இந்தக் குறையை உணர்ந்துதான் தந்தை வியூகத்தையும், ஆக்ஸ்ஃபோர்டில் வரலாறு படித்த மகன் வீரர்கள் பட்ட பாட்டையும் சொல்லும்படி பிரித்துக்கொண்டார்கள் போலும். மகனின் பகுதிகளே எனக்குப் பிடித்தவை.

மறுமொழி 3:
கேள்வி கேட்ட நண்பர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தந்தையும் மகனும் 2007இல் வழங்கிய இருபதாம் நூற்றாண்டுப் போர்கள் பற்றிய தொடரில், ஃபாக்லாந்து (1982இல் பிரிட்டனுக்கும் அர்ஜென்டினாவுக்கும் நடந்தது), வளைகுடா என்ற இரண்டு போர்களும் இடம்பெற்றன. இவ்விரண்டையும் பீட்டர் ஸ்னோ, அவை நடந்துகொண்டிருந்தபோதே, அரைகுறைத் தகவல்களை வைத்துக்கொண்டு இரவுதோறும் நேயர்களுக்கு விளக்கியவர். 1982 மே மாதத்தில் ஃபாக்லாந்துச் செய்தியை வழங்கியபோது ‘நம் படைகள்’ என்று சொல்லாமல், பிரிட்டிஷார் சொல்வதை நம்புவதானால் என்ற தொனியில் அவர் பேசியதை, ஆளுங்கட்சி எம்.பி. ஜான் பேஜ் ஏறக்குறைய தேசத்துரோகம் என்றே சாடினார். தன் நாட்டின் கூற்றையும் எதிரியின் கூற்றையும் ஒரே தராசில் வைத்த அந்தப் பழக்கம், 1814 பற்றிய நூலிலும் தொடர்கிறது. அமெரிக்க அதிபர் மேடிசனுக்காகப் பரிமாறி வைத்திருந்த விருந்தைப் பிரிட்டிஷ் அதிகாரிகள் உட்கார்ந்து உண்டுவிட்டு, வெள்ளை மாளிகைக்குத் தீ வைத்தார்கள்; அந்தப் படையிலேயே இருந்த ஹாரி ஸ்மித் என்ற அதிகாரிக்கோ, ஸ்பெயினில் வெலிங்டனின் தலைமையில் போரிட்டுப் பழகிய மனத்துக்கு, இச்செயல் அருவருப்பாக இருந்தது. பட்டம் பெற்ற வரலாற்றாசிரியர் பலர் இத்தகைய முரணான சாட்சியங்களை அடிக்குறிப்புக்குத் தள்ளிவிடுவார்கள். ஸ்னோ அவற்றைக் கதையின் நடுவிலேயே வைக்கிறார்; தொடர்களைவிட இந்த நூலை முதலில் படித்துவிட்டு அவரை எடைபோடுவது நியாயமாக இருக்கும்.