கார்ட்டூன் முயலின் பெண்வேடம்: அவசரமாக ஒரு சொல் வேண்டும்

வணக்கம். கல்லூரிக்கான அசைவூட்டப் பாடநூலைத் தமிழாக்குகிறேன். வெள்ளிக்கிழமை கெடு. வார்னர் பிரதர்ஸ் பழைய கார்ட்டூன்களில் பக்ஸ் பன்னி பெண்ணுடை பூண்டு, துரத்துபவனை மயக்கித் தப்புவானே, அந்தச் சிரிப்பு உத்திக்குச் சொல் அகப்படவில்லை. 1957இல் சக் ஜோன்ஸ் இயக்கிய, ஜெர்மானிய இசையமைப்பாளர் வாக்னரின் ஓபராக்களைப் பகடி செய்யும் படத்தில் பருத்த வெள்ளைக் குதிரைமேல் புருன்ஹில்டே என்னும் வீரமங்கையாக வருகிறான். அவனைத் துரத்தும் வேட்டைக்காரன் எல்மர் ஃபட் உருகிப்போகிறான். கூந்தலோடு தலைக்கவசம் கழன்று விழ, குட்டு வெளிப்படுகிறது. ‘கிராஸ்-டிரெஸ்ஸிங்’ என்பதை அப்படியே பெயர்த்து ‘குறுக்குடை நகைச்சுவை’ என்று எழுதினேன். எனக்கே நெருடுகிறது.

-----

குறுக்குடை என்றால் மார்புக்குக் குறுக்கே கட்டிய கச்சை என்றுதான் மாணவர் நினைப்பார்கள். நாடக மேடையின் ‘பெண்வேடம்’ இருக்க வேறெதற்கு? சிறுவர்கள் நடித்த பாய்ஸ் கம்பெனி நாடகக் குழுக்களில் அதை ஸ்திரீபார்ட் என்றார்கள்.

-----

ஐயா, ஸ்திரீபார்ட்டைச் சபை பெண்ணாகவே ஏற்றது. இங்கே நமக்கு முயலென்று தெரியும், எல்மருக்குத்தான் தெரியாது. தொல்காப்பியர் நகைக்குச் சொன்ன ‘எள்ளல் இளமை பேதைமை மடன்’ நான்கில் இது மடன்: கொளுத்தக் கொண்டு, கொண்டது விடாமை, அதாவது பிறர் சொன்னதை நம்பி, நம்பியதை விடாதிருப்பது. எல்மருக்கு அளவெடுத்துத் தைத்தாற்போல் இருக்கிறது! மேலும், 1950இல் வந்த ‘செவில் நாவிதர்’ ஓபராப் பகடியில் எல்மரே மணப்பெண் உடையில் ஓடிவருகிறான். பெண் ஆணுடை அணிந்தாலோ? பெண்வேடம் போதாது.

-----

வேடம், வேஷத்தின் திரிபு. தமிழில் கோலம் உண்டு. சிலம்பு, கடலாடு காதை: ‘ஆண்மை திரிந்த பெண்மைக் கோலத்துக் காமன் ஆடிய பேடி யாடலும்’. ‘பேடிக்கோலம்’ என்க.

-----

வேடம் தமிழே. கூரை வேய்கிறோம், பூ வேய்கிறோம். மேலே வேய்ந்துகொள்வது வேடம். விரிவாகத் தனிமடல் எழுதுவேன்.

-----

வேர் எதுவானாலும், ‘பேடி’ வேண்டவே வேண்டாம். இன்று அது வசைச்சொல். என் வகுப்பில் திருநங்கை மாணவி இருக்கிறார். அவர் முகத்தைப் பார்த்து அந்தச் சொல்லை என்னால் வாசிக்க முடியாது. ‘பால்மாறு வேடம்’?

-----

பால்மாறுதல் என்றால் சோம்பல், அம்மா. ‘பால்மாறாமல் எழுது’ என்று என் பாட்டி சொல்வார். ‘எதிர்பால் வேடம்’ எனலாம்.

-----

‘எதிர்ப்பால்’. எதிர்க்கட்சியில் ஒற்று மிகவில்லையா?

-----

எதிர்காலத்தில் மிகவில்லையே!

-----

அனைவருக்கும் நன்றி. நால்வர் வேடம் பக்கம், ஒருவர் கோலம் பக்கம். ‘எதிர்பால் வேட நகை’ என்று, ஒற்றில்லாமல், இன்றிரவு அனுப்புகிறேன்.

-----

கோலத்தை நான் விடுவதாக இல்லை. அடுத்த பதிப்பு எப்போது?