எலிக்காய்ச்சல் கிருமிக்கு எங்களைக் கொண்டு என்ன லாபம்?

வடமராட்சிப்பெடியன்:
ஏஎல் பயோ படிக்கிறன். நோயாக்கி (நோய்க்கிருமி) தான் குடியிருக்கிற விருந்துவழங்கியைச் சாகடிச்சா தானும் அழியும், அதால காலம் போகப்போக சாதுவாகும் எண்டு ரியூசனில சொல்லித் தந்தவை. ஆனா 2024 டிசம்பரில, மழைக்குப் பிறகு எங்கட பக்கம் எலிக்காய்ச்சல் வந்து ஆக்கள் செத்தவை எல்லோ. அது ஏன் இன்னும் சாதுவாகேல்ல?

ஆய்வுகூடப்பூனை:
தம்பி, அதின்ர வீட்டைப் பிழையாப் பிடிச்சிட்டீங்கள். எலிக்காய்ச்சல் கிருமி லெப்டோஸ்பைராக்கு வீடு எலின்ர கிட்னி. அங்க எலிக்கு ஒரு கரைச்சலும் குடுக்காம மாதக்கணக்கா இருந்து சலத்தோட வெளிய வரும், வாய்க்கால் தண்ணியில கலந்து, வெறுங்காலோட வயலுக்க இறங்கினவரின்ர குதிக்கால் வெடிப்பால உள்ள போகும். மனிசனிட்ட இருந்து மனிசனுக்குத் தொத்துறது அருமையிலும் அருமை. அப்ப நாங்கள் செத்தாலென்ன பிழைச்சாலென்ன, அதின்ர சந்ததிக்கு ஒண்டுமில்லை. எலியோட சாதுவாத்தானே இருக்கு!

கடக்கரைக்காத்து:
ஓம், ஆனா சாதுவாகிறது பொதுவிதியும் இல்லை. 1982ல அண்டர்சன், மே எண்ட ரெண்டு ஆய்வாளர்கள் போட்ட கணக்கில, பரவுற லாபத்தையும் ஆள் கெதியாச் சாகிற நட்டத்தையும் சேத்துத்தான் நிறுக்கவேணும், சிலவேளை நடுத்தர வீரியம் (நோயாக்கிற பலம்)தான் வெல்லும். கொலராவைப் பாருங்கோ, வயித்தால போறதுதான் அதுக்கு பஸ், ஆள் பாயில கிடந்தாலும் கழிவு கிணத்துக்குப் போனாச் சரி (கழிவு கெதியா ஊறிப்போற எங்கட சுண்ணாம்புக்கல் நிலத்தில இதை யோசிச்சா நித்திரை வராது). வயித்தால போகப் பண்ணுற நஞ்சின்ர ஜீன்கூட கொலராக் கிருமின்ர சொந்தச் சொத்தில்லை, பற்றீரியாவுக்குள்ள போற ஒரு வைரஸ் கொண்டுவந்தது, 1996ல வோல்டர், மெக்கலானோஸ் எண்ட ஆய்வாளர்கள் காட்டினவை.

வடமராட்சிப்பெடியன்:
இதெல்லாம் எப்பிடி ஆராயிறது? எலி பிடிச்சோ?

ஆய்வுகூடப்பூனை:
எலியும் பிடிக்கிறதுதான். கிருமியைக் குப்பியில வளக்கக் கிழமைக்கணக்கா எடுக்கும். டார்க்பீல்ட் மைக்குறஸ்கோப்பில பாத்தா கறுப்புக்குள்ள வெள்ளி நூல் மாதிரி சுழண்டு திரியும், நுனி வளைஞ்சு கேள்விக்குறி மாதிரி, அதாலதான் இன்டெரோகன்ஸ் எண்டு பேர். பகிடி என்னெண்டா குப்பியிலயே மாத்தி மாத்தி வளத்தா வீரியம் போயிடும், பிறகு அதை ஹம்ஸ்டருக்கு (எலி மாதிரி ஒரு ஆய்வுகூடப் பிராணி) ஊசியால ஏத்தினாலும் பிராணி தன்ர பாட்டுக்குத் திரியும். உங்கட கையில இருக்கிற பிசிஜி (காசநோய்த் தடுப்பூசி) தழும்பும் உந்தக் கதைதான், கல்மெட்டும் கெராவும் 1908ல இருந்து 1921 மட்டும் மாட்டுக் காசக்கிருமியைப் பித்தம் சேத்த உருளைக்கிழங்கில 230 தரம் மாத்தி வளத்தவை. உருளைக்கிழங்கில இருக்கிறதுக்கு ஆளைத் தாக்கிற ஜீன் எதுக்கு, கழண்டு போச்சு.

வடமராட்சிப்பெடியன்:
நன்றி அண்ணை. அம்மா வயலுக்குப் போறவ, பூட்ஸ் போடச் சொன்னா சேத்துக்க புதையுதாம்.

ஆய்வுகூடப்பூனை:
அப்ப பிஎச்ஐயிட்ட (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) கேட்டு, நோய் வராமத் தடுக்கிற டொக்சிசைக்கிளின் குளிசையை எண்டாலும் எடுக்கச் சொல்லுங்கோ, கிழமைக்கு ஒருக்காத்தான், சாப்பிட்டாப் பிறகு.